இரண்டு ஃபிரேம் கழுதை

என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கிறது. 16 எம்.எம். ஃபிலிம். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு ஃபிரேம் தெரியும். கறுப்பு வெள்ளையில் ஒரு கழுதைக்குட்டியின் தலை, பின்னால் ஒட்டிக் கிடக்கும் இரண்டு காதுகள், ஓரத்தில் யாரோ ஓர் ஆளின் முழங்கால். திரையில் ஓடினால் நொடியில் 12-இல் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். அந்தத் துண்டு 38 வருடமாக என்னிடம் இருக்கிறது. வீடு நான்கு முறை மாறியும் அது தொலையவில்லை.

அதை எடுத்தவர் ஜான் ஆபிரகாம். குட்டநாட்டில் 1937-இல் பிறந்த மலையாளி. நான்கே முழுநீளப் படங்கள் எடுத்தார். அதில் ஒன்று தமிழ்ப் படம்.

நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் தூரத்திலிருந்து. 1985. அக்காவைக் கோழிக்கோட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா கல்லாயியில் ஒரு மர டிப்போவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் கோவையில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க். லீவு கிடைத்தால் ராத்திரி ரயிலேறிக் காலையில் அக்கா வீட்டில் இறங்கிவிடுவேன்.

ஒரு சாயங்காலம் மாமாவோடு கடைத்தெருவுக்குப் போனபோது கொட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ கோயில் காரியம் என்று நினைத்தேன். நாலைந்து இளைஞர்கள் கொட்டடித்துக்கொண்டே வந்தார்கள். பின்னால் ஒரு கூட்டம். ஒரு சின்ன மைதானத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். இருட்டியதும் அதில் சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ ஓடியது. சுமை தூக்குகிறவர்கள், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த பெண்கள், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து பேசினார். நாங்கள் ஒரு சினிமா எடுக்கப்போகிறோம், அதற்கு நீங்கள்தான் பணம் தரவேண்டும் என்றார். பிறகு ஒரு துண்டை விரித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள்.

நான் இரண்டு ரூபாய் போட்டேன். பக்கத்திலிருந்த மூட்டை தூக்கும் பெரியவர் மடியை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி, அதில் பாதியைப் போட்டார். போட்ட பிறகு அவர் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொந்த நிலத்தில் வரப்போரம் நின்று பயிரைப் பார்க்கிறவர் பார்க்கிற பார்வை அது.

மூங்கிலுக்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதர் தாடியோடு நின்றிருந்தார். தலைமுடி பறந்துகொண்டிருந்தது. அவரும் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுதான் ஜான்” என்று மாமா காட்டினார். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அந்த இளைஞர்களின் அமைப்புக்கு ‘ஒடேசா’ என்று பெயர். ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் போட்டெம்கின்’ படத்தில் வருகிற ஒடேசா படிக்கட்டின் ஞாபகமாக வைத்த பெயர். 1984-இல் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் இல்லை, விநியோகஸ்தர் இல்லை, டிக்கெட் இல்லை. மக்களிடம் காசு வாங்கிப் படம் எடுத்து அதே மக்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது. இது நடக்கிற காரியமா என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால், நடக்காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஊருக்கு வந்து எங்கள் ஃபிலிம் சொசைட்டி செயலாளரிடம் சொன்னேன். அவர் கல்லூரி ஆசிரியர், எங்களுக்கெல்லாம் ‘சார்’. நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, “ஜான் நம்ம பாஷையில ஒரு படம் எடுத்திருக்கார், தெரியுமாப்பா?” என்றார். எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பிறந்து, வாரம் இரண்டு படம் பார்த்து, பத்திரிகையில் சினிமாப் பக்கம் விடாமல் படிக்கிற எனக்கு, தேசிய விருது வாங்கிய ஒரு தமிழ்ப் படத்தின் பெயரே தெரிந்திருக்கவில்லை. 1977-ஆம் வருடத்துக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று விருது கொடுத்திருந்தார்கள். படத்தின் பெயர் ‘அக்ரஹாரத்தில் கழுதை’.

அதற்குப் பிறகு சாருக்கு நிம்மதி இல்லாமல் செய்துவிட்டேன். கடிதம் மேல் கடிதம் போட்டோம். கடைசியில் பெட்டி ரயில் பார்சலில் வந்தது. தகரப் பெட்டி, மூலையெல்லாம் நசுங்கி, மேலே பழைய ஊர்களின் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அதை ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டி நான்தான் கொண்டுவந்தேன்.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் திரையிடல். புரொஜெக்டர் வாடகைக்கு. அதோடு ஒரு பையன் வருவான். 16, 17 வயதிருக்கும். ஃபிலிம் மாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. லென்ஸுக்கு மேலேயும் கீழேயும் விடுகிற லூப்பை விரலால் ஒரு தட்டுத் தட்டி அளவு பார்ப்பான். லூப் சின்னதாகப் போனால் படம் நடுங்கும், ஃபிலிம் கிழியும். அவன் வீட்டில் சலவைத் தொழில். நொய்யல் ஆற்றுக்கு அழுக்கு மூட்டை சுமக்க இரண்டு கழுதைகள் வைத்திருந்தார்கள். படத்தின் பெயரைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி ஒரு கல்லூரிப் பேராசிரியர் வீட்டுக்கு வந்து சேருகிறது. அவர் பிராமணர், தனி ஆள். சின்னா என்று பெயர் வைத்து வளர்க்கிறார். கல்லூரியில் கேலி தாங்கமுடியாமல் அதைச் சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். அங்கே பேசமுடியாத உமா என்ற வேலைக்காரப் பெண் அதைக் கவனித்துக்கொள்கிறாள். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதைமேல் விழுகிறது. உமா ஏமாற்றப்பட்டு, அவளுக்குச் செத்துப் பிறந்த குழந்தையை யாரோ கோயில் வாசலில் போட்டுவிட, அந்தப் பழியும் கழுதைமேல். அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். கொன்ற பிறகு ஊரில் நல்லது நடக்கத் தொடங்குகிறது. உடனே கழுதை தெய்வமாகிவிடுகிறது. கோயில் கட்ட வேண்டும் என்கிறார்கள். கடைசியில் தீ. அக்ரஹாரமே எரிகிறது. பின்னணியில் பாரதியின் அக்கினிக் கவிதை. பேராசிரியரும் உமாவும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

பேராசிரியராக நடித்தவர் எம்.பி. சீனிவாசன். ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்த அதே எம்.பி.எஸ். அந்த 1960-ஆம் வருடப் படமும் முதலாளி ஒருவரை நம்பாமல் பலபேர் சேர்ந்து எடுத்ததுதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒடேசாவுக்குக் கால் நூற்றாண்டு முன்னால் நம் ஊரில் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஜானின் படத்தில் எம்.பி.எஸ். நடிக்கிற மாதிரியே தெரியாது. குட்டியைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற குழப்பமும் வாஞ்சையும் ஒரு நிஜமான வாத்தியாருடையது. கதை வசனம் எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. மலையாள இயக்குநர், தமிழ் விமர்சகர், மேடையில் கூட்டுப்பாட்டுக்குக் கைவீசி நின்ற ஓர் இசையமைப்பாளர் — இந்த மூன்று பேரை ஒரே படத்தில் சேர்க்க ஜானைத் தவிர வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்!

மூன்றாவது ரீல். கழுதையை விரட்டிக்கொண்டு போகிறார்கள். ஹாலில் சத்தமில்லை. திடீரென்று புரொஜெக்டரில் ‘டக் டக் டக்’ என்று ஓட்டை பிடிக்காமல் பல் அடிக்கிற சத்தம். படம் ஒரு துள்ளு துள்ளி, திரை வெள்ளையாகிவிட்டது. பழைய பிரிண்ட், ஓரத்து ஓட்டைகள் தேய்ந்துபோயிருந்தன. ஃபிலிம் அறுந்துவிட்டது.

பையன் விளக்கை அணைத்தான். நான் டார்ச் அடித்தேன். அறுந்த இரண்டு முனையையும் வெளியே எடுத்தான். இரண்டையும் நேராக வெட்டினால்தான் ஒட்ட முடியும். கிழிந்த ஓரத்தை வெட்டியதில் ஒரு துண்டு கீழே விழுந்தது. மறுமுனையில் பிளேடால் மருந்துப்பூச்சை மெதுவாகச் சுரண்டினான். மெல்லிய கறுப்புத் தூள் அவன் நகத்தில் ஒட்டியது. பசையை ஒரு தொடு தொட்டு, முனை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒட்டுக்கட்டையின் மூடியைச் சாத்தி அழுத்தினான். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள்ளேயே 20 வரை எண்ணினான். அந்த 20 எண்ணுகிற நேரத்தில் நான் தரையில் கிடந்த துண்டை எடுத்து டார்ச்சில் பார்த்தேன்.

“அண்ணா, காதைப் பாத்தீங்களா?” என்றான், கட்டையிலிருந்து கையை எடுக்காமல். “பயந்துட்டா எங்க கழுதையும் இப்படித்தானுங்க காதைப் பின்னால ஒட்டிக்கும். இது நடிக்கலீங்க.”

அதுவரை நான் அந்தப் படத்தை ஒரு கருத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதி, மூடநம்பிக்கை, பழி சுமத்துதல், இப்படி மனசுக்குள் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பையன் ஒரு கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்து, ஒட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி மாட்டி, லூப்பைத் தட்டி ஓட்டினான். அவனுக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொண்டு மிச்சப் படத்தைப் பார்த்தேன்.

படம் முடிந்து பெட்டி கட்டும்போது அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒட்டுப்போட்டால் எப்படியும் குப்பைக்குப் போகிறதுதான்.

அந்தப் படத்தைத் தமிழ்நாடு பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். எதிர்ப்பு ஒருபக்கம், அதைவிடப் பெரியது மௌனம். 1989-இல் தொலைக்காட்சியில் போடுவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். வாசலில் சேர் எடுத்துப்போட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தவன் நான். அன்றைக்கு வேறு ஏதோ ஓடியது.

ஜானைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் அவர் குடியைப் பேசுகிறார்கள். திண்ணையில் தூங்கினது, யார் வீட்டிலோ சாப்பிட்டது, கையில் காசு நிற்காதது என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் அவர் கிட்டத்தட்ட ஒரு சித்தர் ஆகிவிட்டார். கழுதைக்குக் கோயில் கட்டின அக்ரஹாரத்தைப் போலத்தான் இதுவும் என்று எனக்குக் கோபம் வரும். அவர் என்ன வேலை செய்தார் என்பதை யாரும் பேசுவதில்லை.

எல்.ஐ.சி.யில் வேலை பார்த்த மனிதர் அவர். மாதச் சம்பளம் கைக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டுப் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். டைம் ஆபீஸில் ஒன்றாம் தேதி கையெழுத்துப் போட்டுக் கவர் வாங்கிய எனக்கு, அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். நானும் ஒரு காலத்தில் பூனாவுக்கு விண்ணப்பப் படிவம் வரவழைத்து, நிரப்பி, அனுப்பாமலே வைத்திருந்தவன். அங்கே ரித்விக் கட்டக் அவருக்கு ஆசிரியர். வங்கப் பிரிவினையின் வலியை நெஞ்சோடு சுமந்து படம் எடுத்த கட்டக்கிடமிருந்துதான், சினிமா என்பது தன் ஜனங்களோடு பேசுகிற வழி என்ற பிடிவாதம் ஜானுக்கு வந்திருக்க வேண்டும். மணி கவுலின் ‘உஸ்கி ரோட்டி’யில் உதவியாளராக வேலை பார்த்தார். 1972-இல் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’. 1977-இல் கழுதை. 1979-இல் ‘செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்ஙள்’. அடூர் பாசி சிரிப்பு நடிகர் என்று நினைத்திருந்த எனக்கு, போலீஸுக்குப் பயந்து பயந்தே புத்தி பேதலித்துப்போகிற அந்தக் குட்டநாட்டு நிலக்காரராக அவரைப் பார்த்தபோது முதுகு சில்லிட்டது.

பிறகு ஏழு வருடம் படம் இல்லை. அந்த ஏழு வருடத்தைத்தான் குடிக் கதைகளால் நிரப்பிவிடுகிறார்கள். ஒரு படத்தை யாரிடம் பணம் வாங்கி எடுப்பது, எடுத்ததை யாரிடம் காட்டுவது என்ற கேள்விக்கு அவர் விடை தேடியது அந்த வருடங்களில்தான். ஊர் ஊராகப் போய் நின்று கை நீட்டுவது கவிதை கிடையாது. கொட்டு வாடகை, புரொஜெக்டர் வாடகை, இத்தனை பேருக்குச் சோறு, வசூலான சில்லறையை ராத்திரி உட்கார்ந்து எண்ணுவது, அது அடுத்த ஃபிலிம் ரோலுக்குப் போதுமா என்று கணக்குப் பார்ப்பது — எல்லாம் வேலை. ஃபிலிம் சொசைட்டிக்காக மாதச் சந்தா கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்பதால் சொல்கிறேன். ஐந்து ரூபாய் கேட்டு ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும்போது, கேட்கிறவனுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்குக் கால் வராது.

அப்படிச் சேர்ந்த காசில் எடுத்த படம் ‘அம்ம அறியான்’. ‘அம்மாவின் கவனத்துக்கு’ என்று கடிதத்தின் தலைப்பில் எழுதுகிற மாதிரி ஒரு பெயர். 1986-இல் வந்தது. மறுவருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாரும் நானும் காலை பாசஞ்சரில் போனோம். அம்மாவிடம் மில்லில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். சினிமா பார்க்கப் போகிறேன் என்று நான் எப்போதுமே வீட்டில் சொன்னதில்லை.

வயநாட்டிலிருந்து டெல்லிக்குக் கிளம்புகிற புருஷன் என்ற இளைஞன், வழியில் தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தைப் பார்க்கிறான். எங்கேயோ பார்த்த முகம். யாரென்று தெரியாமல் அவனால் மேலே போக முடியவில்லை. கோழிக்கோட்டுக்கு வந்து நண்பர்களிடம் கேட்கிறான். தபலா வாசிக்கிற ஹரி என்று தெரிகிறது. ஹரியின் அம்மா கொச்சியில் இருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊராக, ஹரியைத் தெரிந்த ஒவ்வொருவனையும் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். கதை அவ்வளவுதான். நடுநடுவே மருத்துவ மாணவர்களின் போராட்டம், கல்குவாரித் தொழிலாளர்கள், பதுக்கல்காரர்களிடமிருந்து அரிசியை எடுத்து மக்களுக்குக் கொடுத்தது என்று கேரளத்தின் ஞாபகங்கள் வந்துபோகும். எது நடிப்பு, எது நிஜக்காட்சி என்று பிரிக்கமுடியாது. வேணுவின் கேமரா அந்தக் கூட்டத்தோடு கூடவே நடக்கிறது. பீனா பாலின் படத்தொகுப்பு அவசரப்படுவதே இல்லை. புருஷனாக நடித்த ஜாய் மேத்யூ, பின்னால் ‘ஷட்டர்’ படத்தை இயக்கினவர்.

எனக்கு அந்தப் படத்தில் தாங்கமுடியாமல் போனது வேறு ஒன்று. அந்த இளைஞர்கள் ஒவ்வொருவனும் கிளம்புவதற்கு முன்னால் தன் அம்மாவிடம் போய்ச் சொல்கிறான். அடுக்களையில், திண்ணையில், கிணற்றடியில் ஓர் அம்மா நிற்கிறாள். ஹரி செத்துப்போனான், அவன் அம்மாவிடம் சொல்லப் போகிறோம் என்கிறான். அவள் பார்க்கிறாள். அவன் கிளம்புகிறான். மறுபடி இன்னொரு வீடு, இன்னொரு அம்மா. கூட்டம் வளர்ந்துகொண்டே போகிறது.

திரும்பி வருகிற ரயிலில் சார் பேசிக்கொண்டே வந்தார். கல்லாயி மைதானத்தில் நான் போட்ட இரண்டு ரூபாய் எந்த ஃபிரேமில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு உண்மையாகவே அதைத்தான் யோசித்தேன். மூட்டை தூக்கும் பெரியவரின் காசு நிச்சயம் எங்கோ இருந்தது. இந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்குப் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். படம் அவருடையது.

ஜூன் முதல் வாரம். மில்லில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். சார் சைக்கிளில் வந்து கேட்டருகே நின்றார். கையில் மடித்த பேப்பர். கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். 1987 மே 31. 50 வயது முடிய இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி. சார் ஒன்றும் பேசவில்லை. பேப்பரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பத்து மாதம்கூட ஆகவில்லை, எம்.பி.எஸ்.ஸும் போய்விட்டார். வெங்கட் சாமிநாதன் 2015 வரை இருந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடத் தோன்றவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “என்ன கண்ணு, மில்லுல ஏதாவதா?” என்றாள். இல்லை என்றேன். அலமாரியிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து அந்தத் துண்டை அவள் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓரத்தைப் பிடித்து பல்புக்கு நேராகக் காட்டச் சொன்னேன். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“கழுதைக்குட்டியாட்ட இருக்குது.”

“ஆமாம்மா. இதை எடுத்தவர் செத்துட்டார்.”

“உனக்குத் தெரிஞ்சவரா?”

என்ன சொல்வதென்று தெரியாமல், ஆமாம் என்றேன். பிறகு பாலக்காட்டுக்குப் போனதைச் சொன்னேன். ஓவர்டைம் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. துண்டை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தாள்.

“அவரோட அம்மாகிட்ட யாரு சாமி போய்ச் சொல்லியிருப்பாங்க?” என்றாள்.

நான் அவளுக்குப் படத்தைச் சொல்லத் தொடங்கினேன். வயநாட்டில் புருஷன் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் இடையிடையே கேட்டாள்: அந்தப் பையனுக்கு எத்தனை வயசு, கலியாணம் ஆயிருச்சா, கூடப் போனவங்க ராத்திரி எங்கே சாப்பிட்டாங்க. எனக்கு ஞாபகம் இருந்த வரைக்கும் ஒரு வீட்டையும் விடாமல், ஒவ்வொரு அம்மா எங்கே நின்றாள் என்பதையும் சொன்னேன். கொச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.